"சுத்தம் பண்ணி வச்சிட்டோம்"

ஓவியர் ஒருவர் மறைந்து சில மாதங்கள் கழித்து அவருடைய குடும்பத்திலிருந்து தொலைபேசி வரும். "எல்லாத்தையும் பிரிச்சு, சுத்தம் பண்ணி, அழகா அடுக்கி வச்சிட்டோம். நீங்க வந்து எடுத்துக்கிட்டுப் போனா போதும்" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். எங்களுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று நாள்கணக்கில் உட்கார்ந்து செய்திருப்பார்கள். கலை ஆவணக்காப்பகத்தில் இத்தனை ஆண்டுகள் வேலை பார்த்த பிறகும் அந்தச் சொற்களைக் கேட்டால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அப்படி ஒரு வீட்டுக்குப் போனபோது கடிதங்கள் ஒரு கட்டு, புகைப்படங்கள் ஒரு கட்டு, கண்காட்சி அழைப்பிதழ்கள் ஒரு கட்டு என்று மேசை நிறைய இருந்தன. கடித உறைகள் மட்டும் இல்லை. "ஒரே அழுக்கா இருந்துச்சு, தூக்கிப் போட்டுட்டோம்" என்றார் மகள். கடிதங்களில் பாதிக்கு மேல் தேதி கிடையாது. தேதி இருந்த ஒரே இடம் உறைமேல் விழுந்திருந்த தபால் முத்திரைதான். ஏதோ ஒரு கடிதத்தின் மடிப்புக்குள் இருந்த சின்னப் புகைப்படம் இப்போது புகைப்படக் கட்டில் கிடந்தது. எந்தக் கடிதத்தோடு வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. தாள்கள் பத்திரமாக இருந்தன; ஒன்றுக்கொன்று இருந்த உறவு அறுந்துவிட்டது.

எதையும் பிரிக்காமல் இருந்தபடியே விடுங்கள் என்று ஆவணக்காரர்கள் வெறும் பிடிவாதத்துக்காகச் சொல்வதில்லை. ஓர் இடத்திலிருந்து வந்த ஆவணங்களை இன்னோர் இடத்து ஆவணங்களோடு கலக்கக் கூடாது என்று 1841இல் பிரான்சில் விதி செய்தார்கள். வந்த வரிசையையும் கலைக்கக் கூடாது என்பதை 1881இல் ஜெர்மனியின் பிரஷ்ய அரசு ஆவணக்காப்பகம் சேர்த்தது. மூல வரிசை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். வரைவேட்டின் நடுவில் செருகியிருக்கும் வண்ணக் கடை ரசீதை எடுத்து 'ரசீதுகள்' கோப்பில் போட்டால் அது வெறும் ரசீது. இருந்த இடத்திலேயே இருந்தால், அந்தப் பக்கத்து வரைவு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதற்கு அது சாட்சி.

டச்சு ஓவியர் வின்சென்ட் வான் கோவைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிந்திருப்பதற்குக் காரணம் அவர் தம்பி தியோ எதையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததுதான். தம்பிக்கு அவர் எழுதியவற்றில் 650க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்று இருக்கின்றன. தியோ பதிலுக்கு எழுதியவற்றில் கிடைத்தவை சில பத்துகள்தான், ஏனென்றால் வின்சென்ட் எடுத்து வைக்கவில்லை. 1890 ஜூலையில் அண்ணன் போனார், 1891 ஜனவரியில் தம்பியும் போனார். கைக்குழந்தையோடு நின்ற தியோவின் மனைவி யோ, பெரும்பாலும் தேதியே இல்லாத அந்தக் கடிதங்களை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து வரிசைப்படுத்தி 1914இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். கலை வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த மனிதர்களில் அவர் ஒருவர்.

ஓவியத்தின் முதுகைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். படத்தின் மரச்சட்டம் பழசாகிவிட்டது என்று மாற்றும்போது பின்பலகையையும் சேர்த்து எறிந்துவிடுகிறார்கள். அதில்தான் கண்காட்சிச் சீட்டு, விற்ற கலைக்கூடத்தின் எண், சுங்க முத்திரை, சில சமயம் ஓவியரின் கையெழுத்தில் தலைப்பு எல்லாம் இருக்கும். நாஜிகள் பறித்த கலைப்பொருட்களை உரியவர்களுக்குத் திருப்பித் தருவது பற்றி 1998இல் வாஷிங்டனில் 44 நாடுகள் கூடிச் சில கோட்பாடுகளை ஏற்றன. அத்தகைய கோரிக்கைகளில் ஓர் ஓவியம் யார் யார் கைமாறி வந்தது என்று தேடுபவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது அதன் முதுகைத்தான். பலகையை மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றுங்கள். பழையதைப் படம் எடுத்து, பலகையையும் சேர்த்து வையுங்கள்.

சரி, காகிதத்தையாவது ஓரளவு காப்பாற்றிவிடலாம். என் வேலையில் தூக்கம் கெடுவது மனிதர்களால்தான். ஒரு சிற்பியின் பட்டறையில் 30 ஆண்டுகள் கூடவே இருந்த உதவியாளரைப் பேட்டி காணத் தேதி குறித்திருந்தோம். ஆண்டறிக்கை வேலை வந்தது, மூன்று வாரம் தள்ளி வைத்தேன். அதற்குள் அவர் இறந்துவிட்டார். அவர் பெயர் சொல்லியிருக்கக்கூடிய ஒரு பெட்டிப் புகைப்படங்கள் எங்கள் பட்டியலில் இன்றும் 'அடையாளம் தெரியாத நபர்கள், பட்டறை' என்றுதான் இருக்கின்றன. அன்றிலிருந்து வயதானவர்களின் பேட்டியை எந்த அறிக்கைக்காகவும் நான் தள்ளிவைப்பதில்லை.

இப்படி மனிதர்களின் நினைவுகளைப் பேட்டி எடுத்துப் பதிவு செய்வதை வாய்மொழி வரலாறு என்கிறோம். அது ஒரு துறையாகப் பல்கலைக்கழகத்துக்குள் வந்தது 1948இல், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ் தொடங்கியபோது. இன்று கையில் இருக்கும் போனிலேயே பதிவு செய்யலாம். ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். "இந்த ஓவியத்தின் மூலம் என்ன சொல்ல வந்தீர்கள்?" என்று ஆரம்பித்தால், ஏற்கெனவே நூறு முறை சொன்ன பதில்தான் வரும். "கேன்வாஸை யார் இழுத்துக் கட்டினார்கள்? அந்த அறையில் வெளிச்சம் எந்தப் பக்கம்? காசில்லாத மாதங்களில் வண்ணத்துக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும், கை அசையும், கதை வரும். பழைய புகைப்படம் ஒன்றை முன்னால் வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அவர் "இதோ இவன்" என்று விரலை வைக்கும்போது, "இடமிருந்து இரண்டாவது, கட்டம் போட்ட சட்டைக்காரரா?" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவுக்குக் கண் இல்லை.

அவர் பேசும்போது "ஆமாம், ஆமாம்" என்று இடையில் ஒலி எழுப்பாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் காத்திருங்கள். முக்கால்வாசி நல்ல விஷயங்கள் அந்த மௌனத்துக்குப் பிறகு வந்தவைதான். மிஞ்சிப்போனால் "அப்புறம்?" என்று ஒரு சொல் போதும். மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றின் இரைச்சலுக்குத் தள்ளி உட்காருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் யாரையும் வருத்தாதீர்கள்.

"வயசானவங்க தப்பா சொல்வாங்களே, அது எப்படி வரலாறு ஆகும்?" என்று இளம் ஆய்வாளர்கள் கேட்பார்கள். இத்தாலியின் தெர்னி நகரில் லூயிஜி திரஸ்துல்லி என்ற எஃகு ஆலைத் தொழிலாளி 1949இல் ஓர் ஆர்ப்பாட்டத்தின்போது போலீசாரால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து வாய்மொழி வரலாற்று ஆய்வாளர் அலெஸாந்திரோ போர்த்தெல்லி அங்கே மக்களிடம் பேசியபோது, பலர் அந்தச் சாவை 1953இல் நடந்த ஆட்குறைப்புப் போராட்டத்தோடு சேர்த்துச் சொன்னார்கள். தேதி தவறுதான். தங்கள் தோழனின் சாவை அவர்கள் எந்தப் போராட்டத்தோடு சேர்த்து மனத்தில் வைத்திருந்தார்கள் என்பதை அந்தத் தவறுதான் காட்டியது. அதனால் நான் பேட்டியில் யாரையும் திருத்துவதில்லை. சரியான தேதியை, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் எழுத்துப்படியின் அடிக்குறிப்பில் போட்டுக்கொள்கிறேன். அவர்களுடைய வட்டார வழக்கையும் அப்படியே எழுதுகிறோம். தானியங்கி மென்பொருளில் எடுத்த எழுத்துப்படி என்றால் ஒலியோடு வரிக்கு வரி ஒப்பிட்டாக வேண்டும். அது பெயர்களைச் சிதைப்பதோடு, சில நேரம் யாரும் பேசாத வாக்கியத்தையும் சேர்த்துவிடும்.

ஒப்புதல் வாங்குவதை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். பதிவு செய்ய ஒப்புதல் வேறு, பிறருக்குக் கேட்கக் கொடுக்க ஒப்புதல் வேறு. கலைஞர்களைப் பற்றிய பேட்டிகளில் "அந்தப் படத்தில் பாதி நான் வரைந்தது" என்பது போன்ற சொற்கள் வரும். அதில் வாரிசுகள், விற்பனையாளர்கள், பணம் எல்லாம் சிக்கிக்கொள்ளும். "நீங்கள் இருக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள்" என்று வாய்க்கு வந்ததை வாக்களித்துவிடக் கூடாது. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி 2001 முதல் வட அயர்லாந்து ஆயுதக் குழுக்களில் இருந்தவர்களைப் பேட்டி எடுத்தது. பேசியவர்களிடம், சாகும்வரை பதிவுகள் வெளிவராது என்று உறுதி தந்திருந்தார்கள். 2011இல் நீதிமன்ற உத்தரவுகள் வந்தன, சில பதிவுகள் காவல்துறையின் கைக்குப் போயின. அதனால் "சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மட்டுமே எங்களால் பாதுகாக்க முடியும்" என்று நான் பேட்டிக்கு முன்பே சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டுச் சிலர் பேச மறுத்ததுண்டு. அது அவர்கள் உரிமை.

கடைசியாக, அலமாரியில் கிடக்கும் கேசட்டுகள். காந்த நாடாவில் ஒலியைத் தாங்கும் துகள்களை ஒட்டவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி இளகும். அப்படி ஒட்டும் நாடாவை ஓடவிட்டால் துகள் உரிந்து, குரலும் உரிந்துவிடும். பழைய பிலிம் நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாசனை அடித்தால் பிலிமின் அசிடேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். பக்கத்தில் இருப்பவற்றையும் அது கெடுக்கும், உடனே தனியாக எடுத்து வையுங்கள். கேசட்டைக் கணினிக் கோப்பாக மாற்றும்போது, அதாவது எண்மமாக்கும்போது, ஒலியைச் சுருக்காத 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் (WAV) கோப்பாகக் கேளுங்கள். ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலி ஏறக்குறைய 2 ஜிபி வரும். வரட்டும், மூன்று பிரதிகளை எடுத்து ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள். ஒலியைச் சுருக்கிய எம்பி3 கோப்பு கேட்பதற்கு மட்டும். எண்மமாக்கிய பிறகும் மூலக் கேசட்டை எறிய வேண்டாம்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தாழ்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிடுங்கள். அதன் பிறகு யாரும் தவறுதலாக அதன்மேல் வேறெதையும் பதிவு செய்துவிட முடியாது.