கைபேசியை மேசை நடுவில் வைக்காதீர்கள்

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடற்கரை ரயில் பாதைக்கும் இடைப்பட்ட ஒரு சிறிய அறையில் இருந்துகொண்டு, பிறர் எடுத்த ஒலிப்பதிவுகளைத் துப்புரவு செய்து கொடுப்பது என் தொழில். இப்போது வருபவற்றில் பெரும்பாலானவை கைபேசியிலோ டெப் எனும் பலகைக் கணினியிலோ எடுக்கப்பட்டவை. கொண்டுவருகிறவர்கள் அநேகமாக ஒலிவாங்கியைக் குறை சொல்லியே பேச்சைத் தொடங்குவார்கள். உண்மையில் ஒலிவாங்கி பழுதாக இருந்த பதிவுகளை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். கெடுத்தது, பேசியவரின் வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் நடுவே கிடந்த தூரம்.

அண்மையில் ஓர் இளைஞர், தம் அம்மம்மா யாழ்தேவி ரயிலில் ஏறி முதன்முதலாகக் கொழும்புக்கு வந்த கதையை இரண்டு மணித்தியாலம் பதிவு செய்துகொண்டு வந்தார். கைபேசி சாப்பாட்டு மேசையின் நடுவில் இருந்திருக்கிறது. மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றிருக்கிறது. மின்விசிறியின் இரைச்சலை ஓரளவு குறைத்துக் கொடுத்தேன், ஆனால் குரலைச் சூழ்ந்திருந்த எதிரொலியை அகற்ற முடியவில்லை. திரும்பவும் பதிவு செய்யப் போனபோது, "ஒருக்காச் சொன்னதுதானே ராசா" என்று சொல்லி, அம்மம்மா முழுக் கதையையும் அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டாராம்.

கைபேசியில் உள்ள ஒலிவாங்கி எல்லாத் திசைகளிலிருந்தும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒலியைப் பிடிப்பது. பேசுபவரின் வாயிலிருந்து தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் நேராக வந்து சேரும் குரல் 6 டெசிபெல் (ஒலியளவின் அலகு) குறைகிறது. 15 சென்ரிமீற்றரில் இருந்த கைபேசியை 60 சென்ரிமீற்றருக்குத் தள்ளினால் குறைவு 12 டெசிபெல். ஆனால் சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் மின்விசிறியின் இரைச்சலும் அப்படிக் குறைவதில்லை. கைபேசியோ குரல் தணிந்துவிட்டதென்று எண்ணித் தானாகவே ஒலியளவைக் கூட்டும்போது, குரலோடு சேர்த்து அறை முழுவதையும் உயர்த்திவிடுகிறது. ஆகவே 15 முதல் 20 சென்ரிமீற்றர், அதாவது ஒரு சாண் தூரம், போதும். மூச்சுக் காற்று நேரே மோதாதபடி வாய்க்குச் சற்றே பக்கவாட்டில் வையுங்கள். கையில் பிடித்திருந்தால் விரல் உரசும் ஓசை பதிவாகும் என்பதால், மடித்த துவாய் ஒன்றின்மேல் வைத்து, பேசுபவருக்கு அருகே உயர்த்திக் கொடுப்பது நல்லது.

கொழும்பின் தொடர்மாடி வீடுகளில் தரையில் பதித்த ஓடுகளும் கண்ணாடி யன்னலும் வெறும் சுவரும் சேர்ந்து வரவேற்பறையை ஒரு கிணறாக்கிவிடுகின்றன. விருந்தினரை அங்கேதான் இருத்த வேண்டும் என்ற நம் மரியாதை ஒலிப்பதிவுக்கு உதவாது. ஒலியை உறிஞ்சும் மெத்தையும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறைக்குச் செல்லுங்கள். சாரிகள் நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்தால் இன்னும் நல்லது. சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வது கொடுமைதான் என்றாலும், பத்து நிமிடம் நிறுத்திப் பதிவு செய்வதும் ஐந்து நிமிடம் போட்டு ஓய்வெடுப்பதுமாகச் செய்தால் முதியவர்களும் தாங்குவார்கள். விடியற்காலை அமைதியானது என்று நினைப்பவர்கள் காகங்களை மறந்துவிடுகிறார்கள். அலுவலக ரயில்களும் பாண் விற்கும் ஓட்டோவின் இசையும் ஓய்ந்த பின், முற்பகல் பத்து மணியளவிலோ இரவு ஒன்பதுக்குப் பிறகோ எடுப்பது என் வழக்கம்.

கைபேசியின் பிரதான ஒலிவாங்கி பெரும்பாலும் அடிப்பக்கத்தில், சார்ஜ் செய்யும் துளையின் அருகே இருக்கும். டெப்களில் இடம் மாறுபடும். பதிவை ஓடவிட்டு ஒவ்வொரு விளிம்பையும் நகத்தால் மெல்லச் சுரண்டிக் கேட்டால் எது என்று தெரிந்துவிடும். மேலுறை அந்தத் துளையை மூடியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சட்டையில் குத்தும் சிறிய கம்பி ஒலிவாங்கி வாங்குவதாயின், அதன் செருகியில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு வளையங்கள் உள்ளது கமராவுக்கானது. அதை நேரடியாகச் செருகினால் பல கைபேசிகள் எந்த எச்சரிக்கையும் தராமல் உள் ஒலிவாங்கியிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். அப்படி ஒரு நிகழ்ச்சி முழுவதையும் இழந்தவன் என்பதால் சொல்கிறேன். காதில் மாட்டும் புளூடூத் கருவிகளைப் பதிவுக்குப் பயன்படுத்த வேண்டாம். அழைப்புக்கான இணைப்பில் அவற்றுட் பல, ஒலியை நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாக, அதாவது அத்தனை தடவை மட்டுமே அளந்து, சுருக்கிவிடுகின்றன. கைபேசி தனியாகவே 44,100 அல்லது 48,000 மாதிரிகளில் பதிவு செய்யக் கூடியது.

ஐபோனில் குரல் பதிவுச் செயலியின் அமைப்பில் இழப்பற்ற தரத்தைத் தெரிவு செய்யுங்கள். அன்ட்ராய்டில், ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் (WAV) வடிவம் தரும் செயலியைப் பயன்படுத்துங்கள். 48,000 மாதிரியில், 16 பிற்றில், ஒற்றைத் தடமாக (மோனோ) எடுத்த ஒரு மணித்தியாலப் பதிவு ஏறத்தாழ 345 மெகாபைற் இடம் பிடிக்கும். அதை வட்ஸ்அப்பில் அனுப்புவதாயின் ஆவணமாக அனுப்புங்கள். நடுவில் அழைப்பு வந்து பதிவை நிறுத்தாதிருக்க, விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள்.

தொடங்குமுன் ஒரு நிமிடம் பரீட்சார்த்தமாகப் பதிவு செய்து, காதில் மாட்டும் இயர்போனில் கேளுங்கள். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கி தாழ்ந்த சுருதிகளை ஒலிக்காததால் மின்விசிறியின் உறுமல் அதில் தெரியாது. அந்த நிமிடத்தில் பேசுபவரை ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லாதீர்கள், ஏனெனில் எண்ணும் குரல் வேறு, கதை சொல்லும் குரல் வேறு. காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். அதன்பின் யாரும் பேசாமல் முப்பது நொடி அறையை மட்டும் பதிவு செய்து வையுங்கள். பின்னர் இரைச்சலைக் குறைக்க உட்காரும் என் போன்றவர்களுக்கு அந்த அறையின் ஓசை மட்டும் தனியாகத் தேவைப்படும்.