ஒரு பைட்டை வாசிக்க இன்டிஜர் எதற்கு?

சி மொழியின் எஃப்கெட்சி ஃபங்ஷன் ஃபைலிலிருந்து ஒரே ஒரு பைட்டைத்தான் எடுக்கிறது. பிறகு ஏன் கேரக்டராக (8 பிட் கொண்ட வகை) தராமல் இன்டிஜராக (பெரும்பாலும் 32 பிட் கொண்ட முழு எண்) தருகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை 256 மதிப்புகள். ஃபைலில் எது வேண்டுமானாலும் வரலாம். சரி, ஃபைல் தீர்ந்துபோனதை எப்படித் தெரிவிப்பது? இந்த 256-க்குள் ஒன்றை அதற்கென ஒதுக்கினால், அதே பைட் ஃபைலின் நடுவில் வந்து காலை வாரிவிடும். ஆக 257-வதாக ஒரு மதிப்பு வேண்டும். அது 8 பிட்டில் அடங்காது. அதனால்தான் இன்டிஜர். முடிவுக்கான அடையாளம் பெரும்பாலும் -1.

அதைக் கேரக்டரில் வாங்கினால் என்ன ஆகும்? இங்கேதான் வேடிக்கை. -1 என்பது 32 பிட்டும் 1. எட்டாக நறுக்கினால் மிஞ்சுவது 11111111. அது 255-இன் உருவமேதான்! இன்டெல் வகைக் கணினிகளில் கேரக்டர் வழக்கமாகக் குறி உள்ளது, அதாவது எதிர்ம எண்களையும் ஏற்கும். அங்கே நிஜமான 255-உம் -1 ஆகிவிடும். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் 255 என்ற பைட் வரவே வராது. அதனால் டெக்ஸ்ட் ஃபைல்களை வைத்து எத்தனை முறை சோதித்தாலும் பிழை வெளியே தெரியாது. ஆனால் ஜேபெக் படத்தின் முதல் பைட்டே 255. -1 வரும்வரை ஒவ்வொரு பைட்டாக வாசித்து எழுதும் லூப்பால் அதை நகலெடுத்தால் கிடைப்பது காலி ஃபைல்; எச்சரிக்கையும் கிடையாது. அதே நிரலை ஆர்ம் சிப்பில் ஓடும் லினக்ஸில் கம்பைல் செய்தால் கதையே தலைகீழ். அங்கே கேரக்டருக்குக் குறி இல்லை, 255 ஒருநாளும் -1 ஆகாது. ஃபைல் தீர்ந்த பிறகும் லூப் நிற்காமல் 255-ஆகவே எழுதித் தள்ளி டிஸ்க்கை நிரப்பும்.

இவ்வளவுக்குப் பிறகும், அந்த -1 முடிவா, பழுதா என்று தனியாக வேறு விசாரிக்க வேண்டும். யூனிக்ஸின் ரீட் என்ற வாசிக்கும் ஃபங்ஷன் இதில் தெளிவு: வாசித்த அளவு, முடிந்தால் 0, பழுதென்றால் -1. கோ மொழி அளவையும் பிழையையும் இரண்டு மதிப்புகளாகத் தருகிறது. ஆனால் கடைசி பைட்டுகளும் 'முடிந்தது' என்ற செய்தியும் சேர்ந்தே வரலாம் என்பதால், பைட்டுகளை முதலில் கவனிக்க வேண்டும். ஃபைல் முடிவதைப் பிழை என்றே நான் சொல்லமாட்டேன். எல்லா ஃபைலும் ஒரு நாள் முடியத்தானே செய்யும்?

எனக்குப் பிடித்தது ரஸ்ட் மொழியின் ரிசல்ட்: மதிப்பு அல்லது பிழை, இரண்டில் ஒன்றை வைத்திருக்கும் வகை. பிழையா என்று பார்க்காமல் உள்ளே இருக்கும் மதிப்பைத் தொட முடியாது. கண்டுகொள்ளாமல் விட்டால் கம்பைலர் எச்சரிக்கும். அதுவும் ஃபைலை மூடும்போது கோட்டை விடுகிறது. வேரியபிளின் ஆயுள் முடிந்து ஃபைல் தானாக மூடும்போது வரும் பிழையை ரஸ்டும் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது.