மேசைமேல் வாட்டர்லூ: பழைய போரை விளையாட்டாக்குவது எப்படி?

1815 ஜூன் 18 காலையில், இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் வாட்டர்லூ களத்தில் நின்ற நெப்போலியன், பிரஷ்யப் படை அன்றைக்கு அந்தப் பக்கம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாளைக்கு முன்புதான் லிக்னியில் அதைத் தோற்கடித்திருந்தார். அதை விரட்டிப் போக மார்ஷல் க்ரூஷியைச் சுமார் 33,000 பேரோடு அனுப்பியும் இருந்தார். எதிரே பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனிடம் ஏறக்குறைய 68,000 பேர், தன்னிடம் 72,000 பேர். கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது.

இதே போரை இன்று ஒருவர் சின்னஞ்சிறு சிப்பாய் உருவங்களை வைத்து மேசைமேல் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிற்பகலில் வலப்பக்கத்திலிருந்து பிரஷ்யர்கள் 50,000 பேர் அளவில் வந்து இறங்குவார்கள் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் முதல் சுற்றிலேயே ஒரு பெரிய படைப்பிரிவை வலப்பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். அந்த நொடியோடு அது வாட்டர்லூவாக இருப்பது முடிந்துபோகிறது. சீருடை சரி, மேடு பள்ளம் சரி, பீரங்கிகளின் எண்ணிக்கையும் சரி. நெப்போலியனைத் திணறவைத்த கேள்வி மட்டும் அங்கே இல்லை.

இந்த விளையாட்டில் விதிப்புத்தகம் வேறு, சினாரியோ வேறு. துப்பாக்கி எவ்வளவு தூரம் சுடும், குதிரைப்படை எவ்வளவு நகரும், யார் எப்போது பயந்து ஓடுவார்கள் என்பதையெல்லாம் விதிப்புத்தகம் சொல்லிவிடும். எந்தக் களம், எந்தப் படை, யார் எங்கே நிற்கிறார், யார் எப்போது வந்து சேருவார், எது வெற்றி என்பதைச் சொல்வது சினாரியோ. அதை எழுதுபவரின் தலையாய வேலை, அன்றைய தளபதிக்குத் தெரியாமல் இருந்ததை இன்றைய ஆட்டக்காரருக்கும் தெரியாமல் வைப்பது. வரைபடமும் எண்களும் பகடையும் அதற்கான கருவிகள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த எண்ணம் புதியதல்ல. 1824-இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் தன் தந்தை தொடங்கிவைத்த போர் விளையாட்டைச் செப்பனிட்டு, கிரீக்ஸ்ஷ்பீல் என்ற பெயரில் ராணுவத்துக்குக் கொடுத்தார். 1:8000 அளவிலான வரைபடம், ஒரு சுற்றுக்கு 2 நிமிடம், நடுவில் ஒரு நடுவர். ஆட்டக்காரர்கள் தங்கள் கட்டளையை நடுவரிடம் கொடுப்பார்கள். களத்தில் அவர்கள் கண்ணுக்கு எது பட்டிருக்குமோ அதை மட்டும் நடுவர் அவர்களிடம் சொல்வார். இருநூறு ஆண்டு ஆகியும் இதைவிட நல்ல வழி ஒன்றை நான் பார்க்கவில்லை.

சரி, மேசைக்கு வருவோம். வழக்கமான மேசை 180 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம். வாட்டர்லூவில் படைகள் நின்ற முகப்பைப் பக்கவாட்டில் சற்று இடம் விட்டு எடுத்தால் சுமார் 5 கி.மீ. வரும். 5 கி.மீ.யை 180 செ.மீ.க்குள் அடக்கினால், மேசையில் 1 செ.மீ. என்பது களத்தில் ஏறக்குறைய 28 மீட்டர். இந்த ஒரு எண் கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாக வந்து விழும்.

முதலில் உருவங்கள். இந்தப் பொழுதுபோக்கில் பெரிதும் புழங்குவது 28 மி.மீ. உயரச் சிப்பாய். தரையின் கணக்கில் பார்த்தால் அவர் 78 மீட்டர் உயரமானவர்! அவருக்குப் பொருத்தமாக 15 செ.மீ. அகலத்தில் ஒரு பண்ணை வீட்டை வைத்தால் அது 420 மீட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக, உருவத்துக்கு ஒரு அளவு, தரைக்கு வேறு அளவு என்று இரண்டையும் ஒரே மேசையில் வைத்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான் ஓர் ஊரைக் காட்ட இரண்டு வீடுகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஊரின் உண்மையான பரப்பை ஒரு துணித்துண்டோ அட்டையோ காட்டும். எதிரி ஊருக்குள் நுழைந்தாரா என்று பார்ப்பது அந்த அட்டையின் ஓரத்தை வைத்துத்தான்.

அடுத்தது பட்டாலியன், அதாவது சில நூறு பேர் கொண்ட காலாட்படைப் பிரிவு. பிரிட்டிஷ் காலாட்படை இரண்டு வரிசையாக நின்றது. 500 பேர் என்றால் முகப்பில் 250 பேர். தோளோடு தோள் நிற்கும் ஆளுக்கு 55 செ.மீ. கொடுத்தால் சுமார் 140 மீட்டர், மேசையில் 5 செ.மீ. அந்த 5 செ.மீ. பேஸில், அதாவது உருவங்களை ஒட்டி நிறுத்தும் அடித்தட்டில், 28 மி.மீ. உருவங்கள் மூன்று நின்றாலே இடம் தீர்ந்துவிடும். 6 மி.மீ. உருவங்களாக இருந்தால் இரண்டு நீள வரிசை நிறுத்தலாம், தூரத்திலிருந்து பார்க்கும்போது படைவரிசை போலவே தெரியும். பெரிய போர்களுக்குச் சிறிய உருவங்களே சிறந்தவை என்று நான் சொல்வது அழகுக்காக அல்ல, இந்தக் கணக்குக்காக.

மஸ்கெட் துப்பாக்கிக்குப் பயனுள்ள தூரம் 100 மீட்டர் அளவுதான். மேசையில் அது 3.6 செ.மீ., அதாவது இரண்டு பேஸ்கள் முட்டிக்கொள்ளும் தூரம். இங்கே தனியாகச் சுடும் கட்டம், தனியாகக் கைகலப்புக் கட்டம் என்று வைப்பதில் பொருளே இல்லை, இரண்டையும் ஒரே பகடையில் தீர்த்துவிடலாம். ஆட்டக்காரர் எந்தப் பதவியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் இதே அளவுதான் தீர்மானிக்கிறது. வெலிங்டன் இடத்தில் இருப்பவர் ஒவ்வொரு பட்டாலியனும் சதுரமாக நிற்கட்டுமா வரிசையாக நிற்கட்டுமா என்று முடிவு செய்யக் கூடாது. அது களத்தில் நின்ற கர்னலின் வேலை. அந்த முடிவைத்தான் ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டால், முழுப் போரை விட்டுவிட்டு அந்தக் களத்திலேயே இருந்த உகூமோன் பண்ணை முற்றுகையை மட்டும் எடுத்துக்கொண்டு அளவைப் பெரிதாக்கலாம். முழுப் போரும் வேண்டும், ஒவ்வொரு பட்டாலியனும் வேண்டும் என்று இரண்டுக்கும் ஆசைப்பட்ட சினாரியோக்கள் பாதியிலேயே நின்றுபோகின்றன.

நேரக் கணக்குதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. போர் காலை 11:30 வாக்கில் தொடங்கி இரவு 8:30 வரை நடந்தது. சுற்றுக்கு அரை மணி என்றால் 18 சுற்று. நான்கு மணி நேரத்தில் ஆடி முடிக்க வேண்டுமானால் ஒரு சுற்றுக்கு 13 நிமிடம். அது முடியும். ஆனால் நடையைக் கணக்குப் போட்டால் ஒரு விசித்திரம் தெரியும். பிரிட்டிஷ் காலாட்படையின் சாதாரண நடை நிமிடத்துக்கு 75 அடிவைப்பு, ஒரு அடிவைப்பு 30 அங்குலம். நிமிடத்துக்கு 57 மீட்டர், அரை மணியில் 1.7 கி.மீ. மேசையில் 60 செ.மீ., அதாவது மேசையின் அகலத்தில் சரிபாதி! ஒரே சுற்றில் ஒரு படை இந்தக் கோடியிலிருந்து நடுமேசை வரை வந்துவிடலாம். எதிரெதிர் அணிகளுக்கு இடையே இருந்த தூரமும் அதற்குள் அடங்கிவிடும். அப்படியானால் ஒன்பது மணி நேரம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

பெரும்பாலான நேரம் நின்றுகொண்டிருந்தார்கள். கட்டளைக்காகக் காத்திருந்தார்கள், வரிசையை ஒழுங்குபடுத்தினார்கள், பீரங்கி ஓயட்டும் என்று படுத்துக் கிடந்தார்கள். குதிரைவீரன் செய்தி கொண்டுவர வேண்டும், அதைத் தளபதி சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இது எவ்வளவு மோசமாகப் போகலாம் என்பதற்கு ஜூன் 16-ஆம் தேதியே சாட்சி. லிக்னியிலும் காத்ர் ப்ராவிலும் ஒரே நாளில் இரண்டு போர்கள் நடந்தன. டெர்லோன் தலைமையில் 20,000 பேர் கொண்ட பிரெஞ்சுப் படைப்பிரிவு, மாறி மாறி வந்த கட்டளைகளால் இரண்டுக்கும் நடுவே நடந்து நடந்தே பொழுதைப் போக்கியது. இரண்டு இடத்திலும் போரிடவில்லை.

நகரும் தூரத்தை 15 செ.மீ. என்று குறைத்துவிட்டால் சராசரி சரியாக வரும், ஆனால் அனுபவம் பொய்யாகிவிடும். எல்லாப் படையும் எல்லாச் சுற்றிலும் மெதுவாக, சொன்னபடி ஊர்ந்துகொண்டிருக்கும். இதைவிட நல்லது, நீண்ட தூரம் நகர விட்டுவிட்டு, நகர்வதற்கு முன் பகடை உருட்டச் சொல்வது. இரண்டு பகடையின் கூட்டுத்தொகை 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் கட்டளை போய்ச் சேர்ந்தது என்று வைத்தால், 36-இல் 15 வாய்ப்பு. தளபதி உருவம் பக்கத்தில் இருந்தால் 6 போதும், அப்போது 36-இல் 26. ஆட்டக்காரர் உடனே மாறிவிடுவார். எந்தப் படைக்குப் பக்கத்தில் நான் இருக்க வேண்டும் என்று யோசிக்கத் தொடங்குவார். வெலிங்டன் அன்று முழுக்கக் குதிரைமேல் அங்கும் இங்கும் ஓடியது அந்த யோசனையில்தான்.

தரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இன்றைய வாட்டர்லூவை நேரில் போய்ப் பார்த்து மேசை அமைக்க முடியாது. அங்கே இப்போது நிற்கும் சிங்க மேடு 1826-இல் முடிக்கப்பட்டது. 40 மீட்டருக்கு மேல் உயரம். அதற்கான மண் வெலிங்டன் நின்ற அதே மேட்டின் ஒரு பகுதியிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. போரைத் தீர்மானித்த மேட்டில் ஒரு பங்கு இன்று நினைவுச்சின்னமாக வேறு வடிவில் நிற்கிறது! அதனால் அந்தக் காலத்து வரைபடங்களைத் தேட வேண்டும். தேடும்போது உயரத்தைவிட மறைவைக் கவனிக்க வேண்டும். வெலிங்டன் படையின் பெரும்பகுதியை மேட்டின் பின்சரிவில் நிறுத்தியிருந்தார். மேசையில் அந்த மேடு விரலளவு உயரம்கூட வேண்டாம். அதன் உச்சிக்கோட்டுக்கு அப்பால் பார்வை போகாது என்ற ஒரு விதி போதும்.

அந்த விதிக்குப் பின்னால்தான் தகவலை மறைக்கும் வேலை தொடங்குகிறது. மேட்டுக்குப் பின்னால் உருவங்களை வைக்காமல் அட்டைகளைக் கவிழ்த்து வைக்கலாம். சில அட்டைகளில் படை இருக்கும், சில வெற்று அட்டைகள். பிற்பகல் 4 மணி வாக்கில் நெப்போலியனின் தளபதி மார்ஷல் நே பெருங்குதிரைப்படையை மேட்டின்மேல் ஏவியதை இன்று பலர் முட்டாள்தனம் என்கிறார்கள். அவர் கண்ணுக்குத் தெரிந்தது, மேட்டிலிருந்து பின்னால் போகும் ஆட்களும் வண்டிகளும்தான். பின்வாங்குகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். கவிழ்த்த அட்டைகள் பின்னால் நகர்வதைப் பார்க்கும் ஆட்டக்காரருக்கும் அதே ஆசை வரும், வரவேண்டும்.

பிரஷ்யர்களின் வருகைக்குப் பகடைதான் கைகொடுக்கும், ஆனால் யோசித்து வைக்க வேண்டும். சுற்றுக்கொரு பகடை, 6 விழுந்தால் வருவார்கள் என்று வைத்தால், ஆறு சுற்று கழிந்த பின்னும் அவர்கள் வராமலே இருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆட்டம் அங்கேயே கெட்டுவிடும். அதற்குப் பதில் 3:30 மணிச் சுற்றில் 6 வேண்டும், 4 மணிக்கு 5 போதும், 4:30-க்கு 4 போதும் என்று இறக்கிக்கொண்டே போகலாம். இப்படி வைத்தால் முதல் சுற்றுக்குள் வந்துவிட 17 சதவீதம், இரண்டாவதற்குள் 44, மூன்றாவதற்குள் 72, நான்காவதற்குள் 91 சதவீதம் வாய்ப்பு. உண்மையில் அவர்கள் சண்டையில் இறங்கிய 4:30 மணிக்குள் பெரும்பாலும் வந்துவிடுவார்கள், ஆனால் எந்தச் சுற்றில் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பட்டியலை நடுவர் மட்டும் வைத்துக்கொண்டு மறைவாக உருட்டினால் இன்னும் நல்லது.

இவ்வளவு செய்தும் ஆட்டக்காரர் வாட்டர்லூவை அடையாளம் கண்டுகொண்டால் மீண்டும் வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கும் வழி உண்டு. வரைபடத்தை இடவலமாகத் திருப்பிப்போட்டு, ஊர்ப்பெயர்களை மாற்றி, வேறொரு நூற்றாண்டின் படைகளை நிறுத்திவிடலாம். போரின் எலும்புக்கூடு அப்படியே இருக்கும். ஆடி முடித்த பிறகுதான் இது வாட்டர்லூ என்று சொல்ல வேண்டும். சீருடைப் பிரியர்களுக்கு இது பிடிக்காது, ஆனால் நேர்மையான போர் அனுபவம் கிடைப்பது இதில்தான் என்று நினைக்கிறேன்.

சில போர்களை இந்த வித்தை எதுவும் காப்பாற்றாது போலத் தோன்றும். 1757 ஜூன் 23 பிளாசியை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளைவிடம் 3,000 பேர், வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவிடம் 50,000 பேர் அளவில். எண்களை அப்படியே வைத்தால் கிளைவ் நாலாவது சுற்றில் அழிந்துவிடுவார். கிளைவோடு ரகசியமாகக் கைகோத்த நவாபின் தளபதி மீர் ஜாபர் முதலானோரின் படைகள் அசையாமல் நின்றதை விதியாகவே எழுதிவிட்டால் நவாப் பக்கம் ஆடுபவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் அன்று காலை மீர் ஜாபர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்று கிளைவுக்கே உறுதியில்லை, நவாபுக்கும் யாரை நம்புவது என்று தெரியாது. அந்தச் சந்தேகம்தான் பிளாசி. ஒதுங்கி நின்ற மூன்று தளபதிகளான மீர் ஜாபர், யார் லத்தீப் கான், ராய் துர்லப் ஆகியோருக்கு ஆளுக்கொரு சீட்டு மூடிய உறையில்: போரிடுவார், தாமதிப்பார், நிற்பார். நவாப் கட்டளை கொடுத்தால்தான் உறை பிரியும். நவாபுக்கு விசுவாசமான தளபதி மீர் மதன் உயிரோடு இருக்கும் வரை தாமதிப்பவர் போரில் சேருவார், அவர் விழுந்துவிட்டால் சேரமாட்டார். நண்பகலில் மழை வந்தால் மூடி வைக்காத வெடிமருந்து நனையும். பிரிட்டிஷார் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள், நவாபின் பீரங்கிகள் ஓய்ந்துபோயின. இப்படி வைத்தால் 3,000 பேருக்கும் 50,000 பேருக்கும் நடுவே உண்மையிலேயே மூச்சுமுட்டும் ஒரு ஆட்டம் கிடைக்கும்.

வெற்றியின் அளவுகோலையும் இதே கண்ணோடு எழுத வேண்டும். கி.மு. 480-இல் கிரேக்கத்தின் தெர்மோபைலே கணவாயில் பாரசீகப் படையை எதிர்த்து நின்ற ஸ்பார்ட்டா மன்னர் லியோனிடாஸ் பிழைக்கப் போவதில்லை. அவர் பக்கம் ஆடுபவரிடம் பாரசீகப் படையை முறியடி என்று கேட்பது வீண். கணவாயை எத்தனை சுற்று பிடித்து வைத்தார் என்று கேட்க வேண்டும். உண்மையான மூன்று நாளுக்கு மேல் நின்றால் வெற்றி.

எழுதி முடித்ததும் சோதனை. முதலில் தனியாக இரு பக்கமும் ஆடிப் பார்க்கலாம், அப்புறம் தாளை மட்டும் வேறு இருவரிடம் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் உட்கார வேண்டும். ஒரே பக்கம் திரும்பத் திரும்ப ஜெயித்தால் படைகளைக் கூட்டிக் குறைக்கத்தான் கை போகும். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பிரிட்டிஷ் பொறியாளர் லான்செஸ்டர் 1916-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒருவரையொருவர் குறிபார்த்துச் சுடும் சம தரப் படைகளின் பலம் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5 பிரிவும் 4 பிரிவும் கடைசிவரை மோதினால், மிஞ்சுவது ஒன்றல்ல, 25-இல் 16 போக 9, அதன் வர்க்கமூலமான 3. ஒரே ஒரு பிரிவைக் கூட்டினாலும் தராசு எங்கோ போய்விடும். அதனால் ஆள் எண்ணிக்கையைத் தொடாமல், எந்தச் சுற்றில் ஆட்டம் முடிகிறது, எந்த ஊரைப் பிடித்தால் எத்தனை புள்ளி என்பதை முதலில் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சுற்றைக் கூட்டினாலோ குறைத்தாலோ போதும்.