பகா எண்

2147483647. நிரல் எழுதுபவர்கள் பார்த்தவுடனே கண்டுகொள்ளும் எண் இது. கணினியில் 32 பிட்டில், அதாவது 32 இரும இலக்கங்களில், கூட்டல் கழித்தல் குறியோடு வைக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண். முப்பத்தொரு 2-களைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைக்கும். இது ஒரு பகா எண்ணும்கூட.

1-ஐ விடப் பெரியதாக, 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும் முழு எண்தான் பகா எண். மற்றவை பகு எண்கள். 1 இரண்டிலும் சேராது.

வேர்ச்சொல் 'பகு'. பகுதி, பகுப்பு எல்லாம் அதில் பிறந்தவை. 'பகாத எண்' என்பதில் 'த' கெட்டு 'பகா எண்' ஆனது, செல்லாத காசு செல்லாக் காசு ஆவதைப் போல. இலக்கணத்தில் இதை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பார்கள். அதனால் பின்னால் வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: பகாக் காரணி. ஒற்றில்லாமல் 'பகா காரணி' என்று பல இடங்களில் பார்க்கிறோம், அது பிழை. நன்னூலின் பதவியலும் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என்றே பிரிக்கிறது. 'பொன்னன்' பொன், அன் என்று பிரியும்; 'நிலம்' பிரிந்தால் பொருள் போய்விடும்.

ஆங்கிலத்தின் 'பிரைம்' வேறு வழியில் வந்தது. கிரேக்கத்தில் யூக்ளிடு 'புரோட்டோஸ்' என்றார், லத்தீனில் அது 'பிரைமுஸ்' ஆயிற்று. இரண்டுக்கும் 'முதலாவது' என்று பொருள். இலங்கைப் பாடநூல்களில் வரும் 'முதன்மை எண்' இந்தப் பொருளைத் தழுவியது. பகு எண்ணுக்கு அங்கே 'சேர்த்தி எண்'. இரண்டும் நல்ல தமிழே. ஆனாலும் என் மனம் பகா எண் பக்கம்தான். என்ன சோதிக்க வேண்டும் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது: பகுத்துப் பார், பகவில்லை என்றால் பகா எண்.

2147483647-ஐ அப்படிப் பகுத்துப் பார்த்தவர் பதினெட்டாம் நூற்றாண்டுக் கணிதர் ஆய்லர். அதன் வர்க்கமூலம் 46,341-க்குச் சற்றே குறைவு. அதுவரை உள்ள பகா எண்களால் வகுத்தால் போதும் என்றாலும், அவையே நாலாயிரத்துக்கு மேல். ஆய்லர் வேலையைச் சுருக்கினார். இந்த எண்ணுக்குப் பகாக் காரணி ஏதும் இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்க முடியும் என்று கண்டார். மிஞ்சியவை நூறுக்கும் குறைவு. முதலில் 311: வகுத்தால் மீதி 35. அப்புறம் 1303, 1489... எதுவும் வகுக்கவில்லை. 1772-இல் முடிவு வெளியானது.

இந்தப் பகா எண்ணிலிருந்து ஒரு நிறைவெண் கிடைக்கும், அதாவது தன்னைத் தவிர்த்த வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண். அதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி யாரும் தேட வாய்ப்பில்லை, அவற்றால் பயன் ஒன்றும் இல்லை என்று 1811-இல் ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ எழுதினார். தேடல் நிற்கவில்லை. அதுவரை அறிந்தவற்றில் மிகப் பெரியது என்று 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண்ணும் 2147483647-இன் குடும்பம்தான்: 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அதற்கு 4,10,24,320 இலக்கங்கள்.