ஏசி கேஸ் பில்லில் ஒளிந்திருந்த 12 டன்

மதுரையில் எரிசக்தித் தணிக்கைதான் என் தொழில். மில், குளிர்பதனக் கிடங்கு, ஆஸ்பத்திரி என்று சுற்றிக்கொண்டிருந்தவனுக்குப் போன வருடம் புது மாதிரி வேலை ஒன்று வந்தது. வடபழஞ்சிப் பக்கம் ஒரு வீடியோ தொழில்நுட்பக் கம்பெனி. ஓடிடி நிறுவனங்கள் தரும் வீடியோவை போனுக்கும் டிவிக்கும் ஏற்றபடி சுருக்கிக் கொடுப்பது அவர்கள் பிழைப்பு. ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவர் படிவம் அனுப்பியிருந்தார்: உங்கள் கார்பன் உமிழ்வு எவ்வளவு, எந்த வருடத்துக்குள் எவ்வளவு குறைப்பீர்கள்?

"நம்மகிட்ட ஒரு புகைபோக்கி கூடக் கிடையாதே அண்ணே" என்றார் முதலாளித் தம்பி.

சரி, பில்களை எடுங்கள் என்றேன். ஈ.பி. பில் மாதம் சுமார் 18,000 யூனிட். நம் நாட்டு மின்தொகுப்பில் (கிரிட்) ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக மாதம் 12.6 டன். ஜெனரேட்டர் டீசல் 300 லிட்டர், லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ என்றால் ஒரு டன் கூட வரவில்லை. இதோடு முடிந்தது என்று கணக்குப் பார்க்கும் பெண் கோப்பை மூடப் போனார். அதற்குள்ளிருந்து ஏசி மெக்கானிக்கின் பில் ஒன்று எட்டிப் பார்த்தது. சித்திரை வெயிலில் எழுதியது. 'கேஸ் சார்ஜிங்' என்று மட்டும் இருந்தது, அளவு இல்லை. மெக்கானிக்குக்கு போன் போட்டால், "ஆறு கிலோ இறங்குச்சு சார், பைப்ல லீக்" என்றார்.

அந்த கேஸ் ஆர்-410ஏ என்ற குளிரூட்டி வாயு. ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசியின் நான்காம் அறிக்கைக் கணக்கில் அது ஒரு கிலோ கசிந்தால் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆறு கிலோவுக்கு 12.5 டன். அலுவலகம் முழுக்க ஒரு மாதம் எரித்த கரண்ட்டுக்குச் சமமானது, ஏசி பைப்பை இணைக்கும் பிளேர் நட் ஒன்று தளர்ந்ததால் காற்றில் போயிருக்கிறது. நான் போகும் இடங்களில் பாதிக்கு மேல் இந்த வரியே கணக்கில் இருப்பதில்லை.

கார்பன் கணக்கை 'ஸ்கோப்' என்று மூன்று பிரிவாகப் போடுவார்கள். நம் இடத்திலேயே வெளியாகும் டீசல் புகையும் ஏசி கேஸும் ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. மற்றதெல்லாம் ஸ்கோப் 3. அதில் மட்டும் 15 தலைப்புகள். வீடியோ கம்பெனிக்கு யானையே அங்கேதான் நிற்கிறது: வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர், வாங்கிய கம்ப்யூட்டர்கள், கடைசியில் பார்ப்பவர் வீட்டு டிவி. ஐரோப்பாவில் ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தால் சராசரியாக 55 கிராம் அளவுக்கு உமிழ்வு என்று பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் அமைப்பு 2021-ல் மதிப்பிட்டது. அதில் பாதிக்கு மேல் பார்க்கும் கருவியால் வருவது.

புது கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இந்தத் துறையில் ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. 2018-ல் வந்த ஏவி1 என்ற கோடெக், 2003-ன் எச்.264 கோடெக்கை விட ஃபைலை நன்றாகச் சுருக்கும்; ஆனால் சுருக்கும் வேலைக்கு சர்வர் பல மடங்கு உழைக்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்குவதை லட்சம் பேர் பார்க்கிறார்கள், அங்கே அந்த உழைப்பு வட்டியோடு திரும்பி வரும். நாலு பேர் பார்க்கும் பயிற்சி வீடியோவுக்கு அதே கோடெக் வீண் செலவு. எந்த வீடியோவை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற பட்டியல் அந்தக் கம்பெனியிடம் இருந்தது. அதை யாரும் இந்தக் கண்ணோடு பார்த்ததில்லை.

அப்புறம் வாக்குறுதி. ஏற்கெனவே ஓர் ஆலோசகர் எழுதிக் கொடுத்த வரைவில் '2019-ஐ விட 2020-ல் 40 சதவீதம் குறைத்தோம்' என்று இருந்தது. ஊரடங்கில் அலுவலகமே பூட்டிக் கிடந்த வருடம் அது. ஏசி ஓடியது திருநகரிலும் ஆனையூரிலும், ஊழியர்கள் வீட்டில்! 'ஒரு மணி நேர வீடியோவுக்கு உமிழ்வைப் பாதியாக்குவோம்' என்று இன்னொரு வரி. மணிக்கணக்கு மூன்று மடங்கானால் மொத்தம் ஏறத்தானே செய்யும்? ஜிகர்தண்டாவில் சர்க்கரையைக் குறைத்துவிட்டு மூன்று டம்ளர் குடிக்கிற கதை. வேறெங்கோ உற்பத்தியான பசுமை மின்சாரத்துக்கான சான்றிதழ் வாங்கி ஸ்கோப் 2-ஐப் பூஜ்ஜியமாகக் காட்டியிருந்தார்கள். வாங்குவதில் தப்பில்லை. ஆனால் கார்பன் கணக்குக்கான உலகளாவிய விதிமுறையான ஜிஎச்ஜி புரோட்டோகாலின் 2015 வழிகாட்டுதல்படி, சான்றிதழைக் கழித்த கணக்கோடு உள்ளூர் மின்தொகுப்புக் கணக்கையும் பக்கத்தில் காட்ட வேண்டும். அந்த இரண்டாவது எண் வரைவில் இல்லை.

மூன்றையும் அடித்துவிட்டு 2023-24-ஐ அடிப்படை ஆண்டாக, அதாவது இனி குறைப்பை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆண்டாக வைத்தோம். எண் பெரிதாகத்தான் வந்தது. "இதைப் பாத்தா ஆர்டர் போயிராதா அண்ணே?" என்று தம்பி இரண்டு நாள் தூங்கவில்லை. படிவம் போன மறு வாரம் வாடிக்கையாளரிடமிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்தது: கிளவுட் உமிழ்வை எந்த முறையில் கணக்கிட்டீர்கள்? அதற்குப் பதில் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். ஏசி மெக்கானிக் மட்டும் தேறிவிட்டார். போன மாத பில்லில் 'கேஸ் 1 கிலோ, பிளேர் நட் மாத்தியது' என்று எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறார்.