மோனோகாக்: தமிழில் தாங்கோடு

கார்பன் ஃபைபர் சூப்பர்கார் எதைப் பற்றிப் படித்தாலும் 'மோனோகாக்' என்ற சொல் முதல் பத்தியிலேயே வந்து நிற்கும். பொருள் எளிது. பாரம் தாங்க உள்ளே தனிச் சட்டம் இல்லை, உடலே அந்த வேலையையும் பார்த்துக்கொள்கிறது. லாரி இதற்கு நேர்மாறு. அதில் ஏணி வடிவச் சட்டம் எல்லாவற்றையும் சுமக்க, கேபினும் பெட்டியும் அதன்மேல் சும்மா உட்கார்ந்து வருகின்றன.

சொல் பிரெஞ்சு மொழியினுடையது. 'மோனோ' கிரேக்கத்திலிருந்து வந்த முன்னொட்டு, ஒற்றை என்று பொருள். முட்டை ஓடு, கொட்டையின் ஓடு, கப்பலின் உடல் மூன்றுக்கும் பிரெஞ்சில் 'காக்' என்றே பெயர். பாய்மரப் படகுக்காரர்கள் அங்கே ஒற்றை உடல் படகையும் மோனோகாக் என்பார்கள்; அதற்கு எதிரணியில் நிற்கும் இரட்டை உடல் படகான 'கட்டமரான்' நம் கட்டுமரத்திலிருந்து போன பெயர்.

பொறியியலில் இந்தப் பெயரைப் பிரபலமாக்கியது விமானம். 1912இல் லூயி பெஷெரோ வடிவமைத்த டெபர்டுசின் மோனோகாக் பந்தய விமானத்துக்கு, மெல்லிய மரத் தகடுகளை அச்சின்மேல் அடுக்கடுக்காகப் பசையிட்டு ஒட்டி உடல் செய்தார்கள். மறு ஆண்டே அது மணிக்கு 200 கி.மீ. வேகத்தைத் தாண்டியது. ஃபார்முலா ஒன் கார் பந்தயத்துக்கு 1962இல் லோட்டஸ் 25 இந்த முறையை அலுமினியத் தகட்டில் கொண்டுவந்தது. 1981இல் ஜான் பர்னார்ட் வடிவமைத்த மெக்லாரன் எம்பி4/1 கார்பன் ஃபைபருக்கு மாறியது. இடித்தால் தூளாகிவிடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். அதே ஆண்டு இத்தாலியின் மோன்ஸா பந்தயத்தில் ஜான் வாட்சன் ஓட்டிய எம்பி4/1 மோதி எஞ்சின் பகுதி பிய்ந்து போனது. ஓட்டுநர் இருந்த கூண்டு தாங்கியது, அவர் இறங்கி நடந்து வந்தார். வாதம் அத்தோடு அடங்கியது.

சாலைக் காரில் முழு கார்பன் மோனோகாக்கை முதலில் கொடுத்தது 1992இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1. வடிவமைப்பு கோர்டன் மர்ரி. ஓட்டுநர் நடுவில், பயணிகள் இருவர் பக்கத்துக்கு ஒருவராகச் சற்றுப் பின்னால். பந்தயக் கார்களையும் சேர்த்து மொத்தம் 106 வண்டிகள்தான். எடை 1,140 கிலோ அளவில் நின்றதற்கு இந்த உடல் முக்கியக் காரணம்; 1998இல் மணிக்கு 386 கி.மீ. ஓடிக் காட்டியது.

செய்முறையைப் பார்த்தால் சொல்லின் பொருள் இன்னும் தெளிவாகும். பிசின் ஊறிய கார்பன் துணியை வெட்டி, அச்சுக்குள் ஒவ்வொரு அடுக்காகக் கையால் படியவைக்கிறார்கள். ஒரு அடுக்கின் இழை நேராக ஓடினால் அடுத்தது 45 பாகை சாய்வாக ஓடும், ஏனென்றால் இழைக்கு வலு அதன் நீளவாக்கில்தான். இரு கார்பன் தோல்களுக்கு நடுவே தேன்கூட்டு அலுமினியம் வைத்து, மேலே பை சுற்றிக் காற்றை உறிஞ்சி, அழுத்தமும் வெப்பமும் தரும் ஆட்டோகிளேவ் உலையில் வேகவைக்கிறார்கள். ஓட்டில் கதவுக்காகத் திறப்பு விட்டால் அங்கே வலு குறையும். அதை ஈடுகட்டத்தான் வாசற்படி அவ்வளவு உயரமாகவும் தடிமனாகவும் இருக்கிறது. கோடி கோடியாகக் கொடுத்து வாங்கியவரும் அதைத் தாண்டிக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும்.

இனி தமிழுக்கு வருவோம். 'ஒற்றைக்கூடு' எனலாம்தான், ஆனால் கூடு என்றதும் எலும்புக்கூடு நினைவுக்கு வரும். மோனோகாக்கோ எலும்புக்கூடே வேண்டாம் என்கிற ஏற்பாடு. நண்டுக்கு இருப்பது ஓடு. ஆகவே 'ஒற்றை ஓடு' மேல். அதிலும் எனக்கு நிறைவில்லை. பல சூப்பர்கார்களில் கார்பன் ஓடு பயணிகள் பகுதியோடு முடிந்துவிடும். எஞ்சினும் பின்சக்கரங்களும் அதன் பின்னே திருகிய அலுமினியத் துணைச் சட்டத்தில் இருக்கும். ஒற்றை என்பது அங்கே முழு உண்மை இல்லை. உண்மையில் அந்த ஓட்டின் சிறப்பு அது பாரம் தாங்குவது. எனவே 'தாங்கோடு' என்பது என் தேர்வு: தாங்கு + ஓடு, வினைத்தொகை. தோலும் உள்விலா எலும்புகளும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் விமான உடலை, அதாவது செமி மோனோகாக்கை, 'விலாத் தாங்கோடு' எனலாம்.

குடும்பக் கார் விளம்பரங்களில் வரும் 'மோனோகாக் பாடி' பெரும்பாலும் எஃகுத் தகடுகளைப் பெட்டிப் பெட்டியாக மடித்துப் பற்றவைத்தது. அதற்கு 'ஒருங்குடல்' (ஒருங்கு + உடல்) போதும். தாங்கோட்டைக் கார்பன் காருக்கு விட்டுவிடலாம்.