வெயில் கொட்டும் சென்னையில் இலை ஏன் காய்வதில்லை?

மொட்டை மாடியில் தொட்டி வைத்திருக்கும் யாருக்கும் ஒரு கட்டத்தில் புதினாவும் துளசியும் கற்பூரவல்லியும் தேவைக்கு மேல் மண்டிவிடும். பறித்து முறத்தில் பரப்பினால் காய்ந்துவிடும் என்றுதான் நினைப்போம், வெயிலுக்கா இந்த ஊரில் பஞ்சம்? ஆனால் இரண்டு மூன்று நாளில் துளசி கறுத்துவிடும், கற்பூரவல்லி வதங்கிப் புளித்த வாடை அடிக்கும். காரணம் நம் காற்றில் இருக்கிறது.

காய்வது என்றால் இலையில் இருக்கும் நீர் ஆவியாகிக் காற்றில் கலப்பது. காற்றில் அதற்கு இடம் வேண்டும். 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அதில் 24 கிராம் ஏற்கெனவே இருக்கிறது, உங்கள் இலைக்கு மிச்சம் இருப்பது 6 கிராம் இடம்தான். மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி நாள் முழுக்க நசநசவென்று கிடப்பதும் இதனால்தான். இப்போது அதே காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்குங்கள். அதன் கொள்ளளவு சுமார் 51 கிராமாக ஏறும், உள்ளே இருப்பது அதே 24 தான், ஆக 27 கிராமுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஈரப்பதம் 80-லிருந்து 47 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வெறும் பத்து டிகிரியில் இவ்வளவு வித்தியாசம்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். சுற்றியிருக்கும் காற்று விடுகிற அளவுக்குத்தான் இலை காயும், அதற்கு மேல் காயாது. உணவுப் பொருளில் நுண்ணுயிர்கள் பயன்படுத்தக்கூடிய நீரை ‘நீர்ச் செயல்பாடு’ என்று ஒரு எண்ணால் அளக்கிறார்கள், அது 0.6-க்குக் கீழே போனால் பூஞ்சை, பாக்டீரியா எதுவும் வளர முடியாது. ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் அறையில் எத்தனை நாள் வைத்தாலும் இலையின் நீர்ச் செயல்பாடு 0.8 பக்கம்தான் நிற்கும், பூஞ்சைக்கு அது தாராளம். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் சமையலறை மூலையில் கொத்தாகக் கட்டித் தொங்கவிடும் வேலையே வேண்டாம். கத்திரி வெயில் காலத்தில் மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும்போது நிழலில் பரப்பினாலே காயும், ஆனால் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிட்டால் ஈரப்பதமும் கூடிவிடும், திருவான்மியூரில் சீக்கிரம், அம்பத்தூரில் கொஞ்சம் தாமதமாக. கடற்காற்று வருவதற்குள் இலையை உள்ளே எடுத்துவிடுங்கள்.

சரி, நேரடி வெயிலில் போட்டால் என்ன? காயும், ஆனால் பச்சையம் வெளிறும், வாசனையும் போய்விடும். புதினா இலையின் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள், பொடிப்பொடியாக மின்னும் புள்ளிகள் தெரியும். அவைதான் எண்ணெய்ப் பைகள், இலையின் மேல்தோலிலேயே உட்கார்ந்திருக்கின்றன, சூடு கூடினால் எண்ணெய் தண்ணீரோடு சேர்ந்து கிளம்பிவிடும். கறிவேப்பிலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனை அளவில் ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும், அதற்கு எண்ணெய் இலைக்குள்ளேயே இருக்கிறது. புதினா, துளசி போன்றவற்றுக்கு 40 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

வீட்டில் செய்யக்கூடிய உலர்த்தியின் கணக்கு முழுவதும் இதற்குள் வந்துவிடுகிறது: மிதமான சூடு, அப்புறம் ஈரக்காற்றை வெளியே தள்ள ஒரு வழி. ஒரு பழைய தகரப் பெட்டியோ மரப்பெட்டியோ எடுத்து, அடியில் 40 வாட் குண்டு பல்பு ஒன்று, அதற்கு மேல் சற்று இடைவெளி விட்டு ஒரு எவர்சில்வர் தட்டு (காய்ந்த தூள் பல்பின் மேல் விழக்கூடாது), அதன் மேல் சட்டத்தில் இழுத்துக் கட்டிய கொசுவலைத் தட்டுகள் இரண்டு. எல்இடி பல்பு சரிப்படாது, நமக்கு வேண்டியது அது மிச்சப்படுத்தும் அந்தச் சூடுதான். கீழ்ப்பக்கம் ஓட்டைகள், மேலே ஒரு கம்ப்யூட்டர் ஃபேன், காற்றை வெளியே இழுக்கும்படி. ரிச்சி தெருவில் பழைய ஃபேன் கிடைக்கும், வீட்டில் கிடக்கும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடும். ஃபேன் இல்லாவிட்டால் சூடு தங்கி உள்ளே இலை அவிந்துவிடும். அட்டைப்பெட்டி வேண்டாம், எதில் செய்தாலும் பல்பு எரியும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

40 வாட் போதுமா? 100 கிராம் பச்சை இலையில் 80 கிராம் நீர் என்று வையுங்கள். பத்து சதவீத ஈரம் மிஞ்சும் வரை காயவைக்க 78 கிராம் நீரை ஆவியாக்க வேண்டும், அதற்குத் தேவை சுமார் 187 கிலோஜூல். பல்பின் ஆற்றல் முழுவதும் இலைக்கே போனால் ஒரு மணி இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நடைமுறையில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும் என்பதால் பல மடங்கு நேரம் ஆகும், அதிலும் கடைசி ஈரம் இலையின் உள்ளிருந்து மெல்ல ஊர்ந்து வரவேண்டும், அங்கே அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் வாசனைதான் போகும். கற்பூரவல்லிக்குச் சதைப்பற்று அதிகம், மேல்தோல் நீரை விடவே விடாது, கூர்மையான கத்தியால் கீற்றாக நறுக்கித்தான் போட வேண்டும். துளசி நேர்மாறு, நசுங்கினால் அதன் நொதிகள் காற்றோடு சேர்ந்து கறுக்கவைத்துவிடும், முழு இலையாகவே பரப்புங்கள், ஒன்றின் மேல் ஒன்று படாமல்.

இதெல்லாம் முடியாது என்பவர்களுக்கு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் இருக்கிறது. அதன் குளிர்ச் சுருளில் ஈரம் உறைந்து ஒட்டிக்கொள்வதால் உள்ளே சுற்றும் காற்று வறண்டது. தாள் விரித்த தட்டில் புதினாவை மூடாமல் வைத்துவிட்டால் மெதுவாக, ஆனால் பச்சை நிறம் கெடாமல் காயும்.

இலை கையில் நொறுங்கி, காம்பு வளையாமல் பட்டென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. உடனே பாட்டிலில் போடுங்கள், வெளியே ஒரு இரவு கிடந்தால் நம் காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடி பாட்டிலாக இருக்கட்டும், மறுநாள் உள்பக்கம் லேசாகப் பனி படிந்திருந்தால் இன்னும் காயவில்லை, திரும்பப் பெட்டிக்குள் போக வேண்டும். பூஞ்சை பிடித்துவிட்டதென்றால் அந்தப் பகுதியை மட்டும் பொறுக்கி எறிந்தால் போதாது, மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். பொடித்தும் வைக்க வேண்டாம், எண்ணெய்ப் பைகள் உடைந்து வாசனை சீக்கிரம் போய்விடும், ரசத்திலோ மோரிலோ போடும்போது கையால் கசக்கிக்கொள்ளலாம்.